எடைக்குப் போடும் பொருளன்று

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் நமக்கு நேரம் போவது தெரிவதில்லை. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சகத்துப் படம், மரப்பாச்சி, பூட்டு, சாவி எனச் செட்டிநாட்டு வீடுகளின் உள்ளிருந்தவை யாவும் அங்கே கடைகடையாக இறங்கிக் கிடக்கின்றன. நாம் தேடிச் செல்வது எனாமல் பாத்திரங்களை மட்டுமே. அவற்றுள்ளும், நால்வர் சுற்றி அமர்ந்து உண்ணத்தக்க பெரிய தட்டுகளை. விற்பவர்கள் அவற்றைத் தாம்பாளம் என்கின்றனர். நம் கண்ணுக்கு அவை சஹன்களாகவே தெரிகின்றன!

பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பொருளீட்டிய நகரத்தார், தம் பெண்மக்களுக்குச் சீராக வாங்கிக் குவித்தவை இவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபின் அவ்வரவு குன்றிற்று. வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன. இரட்டைப் பூட்டறைகள் திறந்தன. சாமான்கள் தெருவுக்கு வந்தன.

தட்டைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். 'செக்கோஸ்லோவாக்கியா' என்ற முத்திரை இருப்பின், அது 1918க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை; அந்நாடு பிறந்ததே அவ்வாண்டில்தான். 1992 முடிவோடு அது மறைந்தும் போயிற்று. ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் முத்திரைகளும் கிடைக்கும். அடுத்து, நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் உருக்கிப் படியவைப்பது. ஆதலின் அது குளிர்ந்து, வழவழத்து நிற்கும். சில்லுப் பெயர்ந்த இடத்தைப் பெயிண்டால் மூடியிருந்தால் நகம் அங்கே சற்றுப் பதியும். அவ்வாறு மூடிய தட்டொன்றைப் 'பழுதற்றது' என்று நம் தலையில் கட்டிய வியாபாரி ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம். (பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியம் கலந்திருக்கக்கூடும். அவற்றில் சோறு பரிமாற வேண்டா என்று வீட்டாருக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.)

பொருளைக் கண்டறிவது எளிது. அதன் விலையைச் சொல்வதுதான் கடினம்.

சென்ற ஆண்டு, காரைக்குடிக்கு அண்மையில் ஒரு சிற்றூரில், மூதாட்டி ஒருவர் ஐந்து தட்டுகளைத் திண்ணையில் பரப்பினார். "தரகர் இரும்பு விலைக்குக் கேட்டார், தம்பி. நீங்கள் கூட என்ன தருவீர்கள்?" என்றார். அவற்றுள் ஒன்று, கரையோரம் நீலப் பூ வரைந்த, நாம் பல்லாண்டு தேடிய அளவிலான சஹன். உடன் வந்த கீழக்கரை நண்பர் நம் கையை அழுத்தினார். பேசாதிருக்கச் சொல்கிறார் என்பது புரிந்தது.

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, அவர்கள் சந்தை விலையை அறியுமுன்னரே சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள் என்பதை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். ஒட்டகக் கூட்டமும் பாலைவழியும் இன்றில்லை. ஆயினும் அந்தத் திண்ணை, சந்தைக்கு வெளியே இருந்த இடம்தானே?

"ஆச்சி, இது எடைக்குப் போடும் பொருளன்று. பேரனை முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்பி, மூன்று கடைகளில் விசாரியுங்கள். பிறகு நமக்குச் சொல்லியனுப்புங்கள்" என்றோம். திரும்பும் வழியெல்லாம் நண்பர் பேசவேயில்லை. பள்ளத்தூர் தாண்டியபின், "இப்படியிருந்தால் காக்காவுக்குச் சேகரிப்பு வளராது" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பத்து நாளில் நான்கு தட்டுகள் கடைக்குப் போய்விட்டன. நீலப் பூச் சஹனை மட்டும் ஆச்சி நமக்கென நிறுத்திவைத்திருந்தார். கடைக்காரர் சொன்ன விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அம்மாதம் நாம் வாங்க எண்ணியிருந்த புத்தக அலமாரி வாங்கப்படவில்லை.

நண்பரோடு மாற்று வியாபாரம் இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு பொருளின் சில்லையும் துருவையும் தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகே கைமாறும். இது நாம் வகுத்த ஏற்பாடு. முதலில் நகைத்தவர் இப்போது நம்மினும் நுணுக்கமாக எழுதுகிறார். நீலப் பூச் சஹனுக்கு ஈடாகத் தம் ஸ்வீடன் காப்பிக் கூஜாவையும் இரண்டு அடுக்குச் சட்டிகளையும் தருவதாகப் போன வாரம் எழுதியிருந்தார். அடியில் ஒரு விரற்கடை அளவு பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று பதில் எழுதினோம். தெரியும் என்று எழுதியிருக்கிறார். இன்னும் மனம் வரவில்லை.