பழியெல்லாம் பாட்டிக்கு

‘குழந்தையும் தெய்வமும்’ படத்தைத் தூர்தர்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தேன். டிவி இருந்த வீடு என்பதால் தெருவே எங்கள் கூடத்தில் இருந்தது. ஜி. வரலட்சுமி மருமகன் ஜெய்சங்கரை எடுத்தெறிந்து பேசும்போதெல்லாம் எதிர்வீட்டு ஆச்சி, “சண்டாளி, இவ வெளங்குவாளா?” என்று வைதுகொண்டே இருந்தாள். மடியில் சாய்ந்திருந்த பேத்தி வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவை ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டிருந்தார்கள். கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. பல சாதிகளில் இது பழைய வழக்கம். 1955 இந்து திருமணச் சட்டமும் அந்த வழக்கத்தை விட்டுவைத்தது. அவர் வேறு கட்டிக்கொண்டார், அவளும் வேறு கட்டிக்கொண்டாள். பிள்ளை ஆச்சியிடம் தங்கிவிட்டது.

படத்துக்கு மூலம் 1961-ல் வந்த டிஸ்னியின் ‘தி பேரன்ட் ட்ராப்’. அதற்கும் மூலம் எரிக் கேஸ்ட்னர் 1949-ல் ஜெர்மனில் எழுதிய சிறுவர் நாவல். விவாகரத்தான பெற்றோருக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள்; வியன்னாவில் அப்பாவோடு ஒருத்தி, மியூனிக்கில் அம்மாவோடு ஒருத்தி. கோடை முகாமில் சந்தித்து, ஆள் மாறி வீடு திரும்புகிறார்கள். அப்பாவோ இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். கதையை நடுவில் நிறுத்திவிட்டு, சிறுவர் புத்தகத்தில் விவாகரத்தைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்குக் கேஸ்ட்னர் பதில் சொல்வார். பெற்றோர் பிரிவதால் துன்பப்படும் பிள்ளைகள் உண்டு, பிரியாததாலும் துன்பப்படும் பிள்ளைகள் உண்டு. படவேண்டியதை அவர்கள் பட்டுத்தானே ஆகிறார்கள், பேச மட்டும் கூடாதா என்பது அவர் கட்சி. உலகப் போர் முடிந்து நாலே வருஷத்தில் சிறுவர்களிடம் இப்படிப் பேச ஒரு மனுஷனுக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது.

1965-ல் ஏவி.எம்.முக்காகக் கிருஷ்ணன்-பஞ்சு இதை எடுத்தபோது விவாகரத்து காணாமல் போனது. புருஷன் பெண்டாட்டிக்குள் தீராத பிணக்கு எதுவும் கிடையாது. பணத்திமிர் பிடித்த மாமியார்தான் பிரித்துவிடுகிறாள். அவள் திருந்தினால் போதும், குடும்பம் ஒட்டிக்கொள்ளும். குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் வெளுத்து வாங்கியிருப்பார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (அந்த வருஷம்தான் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமான ஜெய்சங்கர், அதற்குள் இரண்டு பிள்ளைக்கு அப்பா!) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

பாட்டியை வில்லியாக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருவில் தீர்த்துவிட்ட வீடுகளின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்கள் அந்த ஆச்சிமார்தான்.