எழுவர்

குடியியல் பாடத்தில் ஜூரி முறையைப் பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். 1811இல் இந்நாட்டுக்கு வந்த முறை அது. இன்று எழுவர் அமர்வர். ஐவராவது ஒன்றுபட்டால்தான் தீர்ப்பு. எந்த மொழி பேசும் ஜூரி என்பதை எதிரியே தெரிவு செய்யலாம்.

“அப்ப மவுத்தானவங்கட ஆக்களுக்கு, சேர்?” என்று கேட்டாள் ஒரு மாணவி.

அவர்களுக்கு அந்தத் தெரிவு இல்லை. 1996 பெப்ரவரியில் திருகோணமலை குமாரபுரத்தில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். வழக்கு அநுராதபுர மேல் நீதிமன்றத்துக்குப் போனது. சிங்களம் பேசும் ஜூரியின் முன் தமிழில் சாட்சி சொன்னார்கள். 2016 ஜூலையில் முன்னாள் இராணுவத்தினர் அறுவரும் விடுதலையாயினர். அவ்வாண்டு டிசம்பரில் ரவிராஜ் கொலை வழக்கிலும் எதிரிகள் கேட்டது சிங்கள ஜூரியையே, முடிவும் விடுதலையே.

அந்த ஜூரிகள் நேர்மையற்றோர் என்று நான் சொல்லவரவில்லை. தன் உயிரைத் தீர்மானிப்போரின் பேச்சு தனக்கு விளங்கவேண்டும் என எதிரி கேட்பதும் நியாயமே. ஆனால் இந்நாட்டில் மொழியைத் தெரிவது பெரும்பாலும் இனத்தைத் தெரிவதாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் சொற்களைக் கொண்டுபோவார். ஒரு தாயின் விம்மலை எப்படிக் கொண்டுபோவார்?

புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை 2017இல் யாழ்ப்பாணத்தில் விசாரித்தது ஜூரியல்ல, மூன்று நீதிபதிகள். சாட்சியின் மொழியும் தீர்ப்பின் மொழியும் அங்கு ஒன்றாயிருந்தன. இரு தரப்பாரின் மொழியும் வேறாகும் வழக்குகளில், இரண்டும் தெரிந்தவர்களே தீர்ப்புச் சொல்ல அமரவேண்டும். இரு மொழிகளுக்கிடையே வாழும் நம்மவர் இதை உரத்துக் கேட்கலாம்.