பாறையில் அரைமணி நேரம் போதும்

ரமணாசிரமத்திலிருந்து கந்தாஸ்ரமம் ஏறும் பாதையில் ஒரு பாறை. அங்கே நின்றால் அண்ணாமலையார் கோயிலின் 9 கோபுரங்களும் கீழே தெரியும். 217 அடி, 11 நிலை ராஜகோபுரமே பொம்மை மாதிரி இருக்கும். வெளியூர்த் தோழர்கள் வந்தால் கூட்டிப்போவேன். எனக்கும் பிடித்த இடம்தான்.

போன முறை செல்பி எடுத்த மாணவி ஒருத்தி, "அக்கா, இங்கேர்ந்து பாத்தா ஊரு எது, சேரி எதுன்னே தெரியல. நல்லாருக்கு" என்றாள்.

தெரியாதுதான். கூரைக்குச் சாதி கிடையாது, கதவுக்கு உண்டு.

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். உள்ளே விடப்படாத நம் பாட்டன்மாருக்கு அது மட்டும்தான் வாய்த்தது. ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. இதே மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30 அன்று. அறநிலையத் துறைக் கோயில் அது! அதற்கும் போலீஸ் காவல் வேண்டியிருந்தது. பொங்கல் வைக்கப் போன பெண்களைச் சுற்றிக் காக்கிச் சட்டைகள். வெளியே ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பு.

இப்போதெல்லாம் வருகிறவர்களை ஒரு நாள் சேர்த்துத் தங்கச் சொல்கிறேன். பாறையில் அரைமணி நேரம் போதும். மறுநாள் காலையில் தண்டராம்பட்டு பஸ்.