தொப்பிக்குள் ஒளித்த வழுக்கை



முப்பது வயதிலேயே என் முன்தலை வெறுமையாகிவிட்டது. மத்ரஸாவில் தொப்பி அதனை மறைத்தது. உளூவில் தலைக்கு மஸஹ் செய்யும்போது மட்டும் மாணவர்கள் இல்லாத ஓரத்தைத் தேடுவேன். இறுதியில், உம்ராவுக்கெனச் சேர்த்த பணத்தை நம்பி, முடி நடும் மருத்துவரை நாடினேன்.

“பின்தலை முடியை வேரோடு எடுத்து முன்னே நடுவோம். சில வாரங்களில் அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும். முழுப் பயனைக் காண ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஆனால், எஞ்சிய முடி உதிர்வதை இது நிறுத்தாது. அதற்கான மருந்தை நிறுத்தாமல் தொடர வேண்டும்” என்றார் அவர்.

சொந்த முடியை நடுவதை மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதிக்கின்றனர். ஆகவே, அதனை நாடுவோரை நான் குறை கூறேன். வசதியையும் பொறுமையையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். கடன் மட்டும் வாங்காதீர்கள்.

புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ள ஹதீஸில், வழுக்கைத் தலையர் ஒருவர் அழகிய முடியைப் பெற்றார். பின்னர் உதவி கேட்டு வந்தவரை வெறுங்கையுடன் அனுப்பினார். முடியை விரும்பியது அவர் குற்றமன்று. நன்றி மறந்ததே குற்றம்.

நான் உம்ராவுக்கே சென்றேன். தலை மழித்து நின்றோர் நடுவே என் வழுக்கையை எவரும் கண்டிலர். இப்போது மாணவர்களுடனேயே உளூச் செய்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.