குவிந்த கரங்கள்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், ஒரு டிசம்பர் மாதத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தோம். படுக்கையிலிருந்த அவர்தம் அன்னையின் அறையில், சன்னலோரம் ஒரு தொட்டிச்செடி. கரும்பச்சை இலைகளில் செந்நிற நரம்புகள்! மாலை மங்கியதும் அவ்விலைகள் மெல்ல மேலெழுந்து, குவித்த கரங்களைப் போல் நின்றன. இதனாலேயே அதற்குச் 'செபச் செடி' என்று பெயர். இலை, காம்போடு சேருமிடத்தில் நீரழுத்தம் மாறுவதே இவ்வசைவுக்குக் காரணம். அதைக் கண்டே அம்மூதாட்டியார் செபமாலையைக் கையிலெடுப்பாராம்.

ஆயினும், இலை விளிம்புகள் கருகியிருந்தன. "இதுவும் என்னைப் போல் வாடுகிறது, ஐயா" என்றார் அவர்.

பிரேசில் நாட்டு வெப்பமண்டலக் காடுகளில், பெருமரங்களின் நிழலில், ஈரக்காற்றில் வளரும் செடி இது. வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் வாடும். கொடைக்கானலின் டிசம்பர் இரவோ 10 பாகைக்கும் கீழே செல்வதுண்டு. எனவே, குளிர்ந்த சன்னலை விட்டகற்றி, வெளிச்சமுண்டு, நேர்வெயில் இல்லை என்னும்படியான இடத்தில், அன்னையின் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்தோம். கூழாங்கற்கள் பரப்பி நீர் ஊற்றிய தட்டின்மேல் தொட்டியை அமர்த்தினோம். காற்றில் ஈரம் நிற்கும், வேரும் நீரில் அமிழாது. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுமாறு கூறி விடைபெற்றோம்.

உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி மடல் வந்தது: "சுருள் சுருளாய் இரண்டு தளிர்கள் விரிந்துள்ளன. மாலையில் நாங்கள் சேர்ந்தே செபிக்கிறோம்."