முதலில் இருபது நிமிடம் பாருங்கள்

அக்டோபர் மாதக் காலை, ஏழு மணி. மான்டரே ஊரின் சான் கார்லோஸ் கடற்கரையில் வண்டியை விட்டு இறங்கியதுமே காதை அடைத்தது கடற்சிங்கங்களின் கூச்சல். துறைமுகத்துக்குக் காவலாகக் கடலுக்குள் நீளும் கற்சுவரின் மேல் கும்பலாகக் கிடந்து, சந்தைக்கடை போல இரைந்துகொண்டிருந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு இந்த இடம் ‘பிரேக்வாட்டர்’. வடக்குக் கலிபோர்னியாவில் ஸ்கூபா பழகும் பலருக்கும் இதுதான் பள்ளிக்கூடம்.

நான் அந்தமானில் பழகியவன். அங்கே தண்ணீர் 28 டிகிரி, இங்கே 12. சான் ஹோசேயில் வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர்தான் எனக்கு இரண்டு நாள் வழிகாட்டி. “எந்த இடத்துல மீன் நிறைய இருக்கும்?” என்றேன்.

“அதைக் கடைசியில கேளுங்கண்ணே. எப்படி இறங்குறது, எப்படி ஏறுறதுன்னு முதல்ல பாருங்க” என்று சொல்லிவிட்டு, கைகட்டி நின்று இருபது நிமிடம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலோ குளம் மாதிரி கிடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

7 மில்லிமீட்டர் வெட்சூட்டுக்குள் உடம்பைத் திணிப்பதற்குள் வியர்த்துவிட்டது. தலைக்கு ஹூட், கைக்குத் தடித்த கையுறை. அத்தனை ரப்பரும் மிதக்கப் பார்க்கும்; அதை அமிழ்த்த இடுப்பில் ஈயம். அந்தமானில் 4 கிலோ கட்டிய எனக்கு இங்கே 11 கிலோ. முகம் தண்ணீரில் பட்டதும் நெற்றிப்பொட்டில் ஊசி ஏறியது. “ஒரு நிமிஷம் அப்படியே மூச்சு விடுங்க, சரியாயிடும்” என்றார். சரியானது.

அடியில் கிடக்கும் பழைய குழாயை ஒட்டியே நீந்தினோம். வழி தவறாமலிருக்க அதுதான் கயிறு. குழாய் முடிந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால், சுமார் 15 மீட்டர் ஆழத்தில், பாறையெல்லாம் வெள்ளைக் கடல்சாமந்திகள். காலிஃபிளவர் தோட்டம் என்றே தோன்றும். இந்தக் காட்சிக்காகத்தான் வந்தேன் என்று அந்த நொடியில் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது கெல்ப் காடு. தரையிலிருந்து மேல்மட்டம் வரை வளர்ந்து கூரை போடும் பாசி. நல்ல நாளில் அரை மீட்டருக்கு மேல் வளரும். என் டேங்க் வால்வில் ஒரு கொடி மாட்டியது. இழுத்தேன்; ரப்பராக நீண்டது. தம்பி பின்னால் வந்து, முருங்கைக்குச்சியை ஒடிப்பதுபோல மடக்கினார். பட்டென்று முறிந்தது. இழுத்தால் வராது, மடக்கினால் வரும்.

கரையில் சூடான காபியோடு குளிரின் காரணத்தைக் கேட்டேன். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடத்துக்கு ஆழத்துத் தண்ணீர் ஏறி வரும். கெல்ப்புக்கு உரம் கொண்டுவருவது அந்தத் தண்ணீர்தான். அப்போது கடல் பச்சையாகக் கலங்கியிருக்கும். காற்று தணியும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை தெளியும். வெளியூர்க்காரர் வருவதானால் அதுவே நேரம்.

மறுநாள் பாயின்ட் லோபோஸ். 1960-இல் கடலடியையும் சேர்த்துக் காப்பகமாக்கிய இடம். வேலர்ஸ் கோவ், புளூஃபிஷ் கோவ் என்ற இரு குடாக்களில் மட்டுமே மூழ்க அனுமதி. தினமும் இத்தனை பேர்தான் என்று கணக்கு. முன்பதிவு வேண்டும், ஜோடியாக வரவேண்டும், சான்றிதழ் காட்டவேண்டும். வழுக்கும் சிமென்ட் சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினேன், வெட்கப்பட நேரமில்லை. மீன்பிடி இல்லாததால் பெரிய லிங்காட் மீன் பாறையில் சாய்ந்து கிடந்தது, நகரவில்லை. நான்தான் ஒதுங்கிப் போனேன்.

மதியம், பக்கத்திலேயே இருக்கும் மொனாஸ்டரி கடற்கரை. ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்றின் தலை கரைக்கு வெகு அருகே வந்துவிடுவதால், மூழ்குபவர்களை ஈர்க்கும் இடம். ஆனால் கரை செங்குத்து. பருமணல் காலடியில் உருளும். அலை தள்ளி உடையாமல் காலடியிலேயே உடையும். பல உயிர்களைக் குடித்ததால் ‘மார்ச்சுவரி பீச்’ என்று பட்டப்பெயர். தெரிந்தவர்களே ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் நாலுகாலில் தவழ்ந்துதான் கரையேறுவார்கள்.

நாங்கள் பார்த்தபோது கடல் மறுபடி குளம்தான். “இறங்கலாம் போலிருக்கே” என்றேன். தம்பி பேசவில்லை. இந்த முறை நானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றுமில்லை. பதினாலாவது நிமிடத்தில் மூன்று அலைகள் அடுத்தடுத்து எழுந்து விழுந்தன. நாங்கள் ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு நின்றிருக்கக்கூடிய மணல்மேடு வெள்ளை நுரையில் காணாமல் போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

டேங்குகளை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.