பாக்கெட்டின் பின்பக்கம்

33 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டிடம் ஏமாந்த கதை இது.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். போன மாதப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. "எனக்குத் தெரியாம இனிப்பு ஏதும் சாப்பிடுறியா?" என்று டாக்டர் எதிரிலேயே கேட்டுவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை.

மாலையில் வழக்கம்போல டீயும் நாலு கேழ்வரகு பிஸ்கட்டும் வைத்தேன். நான்தான் தேடி வாங்கியது. முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிர் படம், 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்து. அவள் பாக்கெட்டைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிங்க."

எழுத்து கடுகளவு. செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். மைதா, பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின், அதற்குப் பிறகு கேழ்வரகு மாவு, 6 சதவீதம்.

எடையில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே அது மைதா பிஸ்கட். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி. நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது. ரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். 100 கிராமில் கார்போஹைட்ரேட் 70 கிராம் என்று போட்டிருந்தது. பிஸ்கட் ஒன்று 8 கிராம். நாலுக்குக் கணக்குப் போட்டால் 22 கிராமுக்கு மேல். ஏறக்குறைய இரண்டு இட்லியில் இருப்பது. காலையில் மூன்றாவது இட்லி வேண்டாம் என்று தட்டை நகர்த்துகிறவளுக்கு மாலையில் நானே அதைக் கொடுத்திருக்கிறேன், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்.

அதிலிருந்து கடைக்குப் போனால் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறேன். கடலை எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெருமையாகப் போடுகிறார்கள். எந்தத் தாவர எண்ணெயில்தான் அது இருக்கிறது? தண்ணீர் கலந்து தயாரிக்கும் பழச்சாற்றில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது.

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருப்பவர்கள் முன்பக்கத்துப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் முதல் மூன்று பெயர்களையும், 100 கிராமுக்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள். அது போதும்.

அன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது இருக்கட்டும், முதல்ல கண்ணாடியை மாத்துங்க" என்றாள்.